அதே பணத்துக்குப் பெரிய வண்டி கிடைக்கும்போது, பழைய சின்ன ஹேட்ச்பேக்கை ஏன் வாங்க வேண்டும்?

வாங்குகிற விலையை மட்டும் பார்த்தால் இந்தக் கேள்வி நியாயமாகத்தான் தெரியும். பத்து வருடம் ஓடிய பெரிய செடானும் (டிக்கி தனியாகப் பின்னால் நீண்டிருக்கும் கார்) ஐந்து வருடம் ஓடிய சின்ன ஹேட்ச்பேக்கும் (டிக்கி தனியாக நீளாமல், பின்கதவு மேலே திறக்கும் கார்) ஏறக்குறைய ஒரே விலைக்கு வந்து நிற்கும். ஆனால் இறங்கியிருப்பது அந்த செடானின் விலை மட்டும்தான், அதன் உதிரிபாகங்களின் விலை இறங்கவே இல்லை. அதற்கு 17 அங்குல டயர் நான்கு மாற்ற வேண்டி வந்தாலோ, ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் மக்கர் செய்தாலோ, அதைப் புதிதாக வாங்கிய வசதியான மனிதர் கொடுத்திருக்கக்கூடிய அதே தொகையை நீங்களும் எடுத்து வைக்க வேண்டும். சின்ன வண்டியில் டயர், பிரேக் பேட், பேட்டரி, ஊற்றுகிற ஆயில் எல்லாமே அளவில் சின்னது, செலவும் அப்படியே. புது வண்டி முதல் சில வருடங்களில்தான் வேகமாக விலை இழக்கும், அந்த இழப்பையும் முதல் ஓனர் ஏற்றுக்கொண்டு போய்விட்டார்.

எனக்குச் சின்ன வண்டி பிடிப்பதற்கு முதல் காரணம் அதன் எடை. ஸ்விஃப்ட் போன்ற வண்டிகள் 900 கிலோவை ஒட்டித்தான் இருக்கின்றன, நடுத்தர எஸ்யூவி ஒன்று சாதாரணமாக 1,500 கிலோவைத் தாண்டிவிடும். ஒவ்வொரு சிக்னலிலும் நின்று கிளம்பும்போது அத்தனை எடையையும் இன்ஜின் மறுபடி முதலிலிருந்து நகர்த்த வேண்டும், அடுத்த சிக்னலில் பிரேக் போட்டால் அதற்குச் செலவான சக்தி பிரேக்கில் வெறும் சூடாகப் போய்விடும். ஊருக்குள் ஓட்டுவது என்பதே நாள் முழுக்க இதுதான். ஆகவே மைலேஜ் கிடைப்பதில் பெரிய தொழில்நுட்ப ரகசியம் எதுவும் இல்லை, நகர்த்த வேண்டிய எடை குறைவு, அவ்வளவுதான்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்கு 1,000 லிட்டர் பெட்ரோல் வேண்டும், 20 கொடுக்கும் வண்டிக்கு 600 போதும். 400 லிட்டர் மிச்சம். அதே சமயம் 20-லிருந்து 24-க்குப் போனால் மிச்சமாவது வெறும் 100 லிட்டர்தான். பலர் கவனிக்காத இடம் இது. 24 கொடுக்கும் என்பதற்காகவே கூடுதலாகக் கொட்டிக் கொடுத்துப் புத்தம் புது வண்டி வாங்க வேண்டியதில்லை, ஒழுங்காகப் பராமரித்த பழைய 20 கிலோமீட்டர் வண்டியே பெரும்பாலான ஆதாயத்தைக் கொடுத்துவிடுகிறது.

சரி, உள்ளே இடம்? 1959-இல் வந்த மினி என்ற பிரிட்டிஷ் குட்டிக் காரில் அதன் வடிவமைப்பாளர் அலெக் இஸிகோனிஸ் இன்ஜினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார், மூன்று மீட்டர் சொச்சம் நீளமுள்ள வண்டியில் நாலு பேர் உட்கார இடம் கிடைத்தது. இன்றைய ஹேட்ச்பேக் எல்லாம் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவைதான். நான் ஓட்டுவது ஒரு பழைய ஹோண்டா ஜாஸ். சில நாடுகளில் இதே வண்டிக்குப் பெயர் ஃபிட். இதில் பெட்ரோல் டேங்கை முன் சீட்டுக்கு அடியில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள், அதனால் பின் சீட்டின் உட்காரும் பலகையை அப்படியே மேலே தூக்கி நிறுத்தலாம், தரையிலிருந்து கூரை வரை வெறும் இடமாகிவிடும். ஆளுயரத்தில் பாதி இருக்கும் செடியைத் தொட்டியோடு நிமிர்த்தி வைத்து, ஒரு இலை மடங்காமல் கொண்டுவந்திருக்கிறேன். இதைவிட விலை அதிகமான செடானின் டிக்கியில் அது படுத்துக்கொண்டுதான் வந்திருக்கும். யோசித்து வடிவமைத்த வண்டி என்றால் எனக்கு இதுதான், இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

ஓட்டுவதைப் பற்றி நிறைய சொல்லத் தேவையில்லை. ஐந்து மீட்டர் டர்னிங் ரேடியஸ் (வண்டி வளைந்து திரும்பும் வட்டத்தின் ஆரம்), நாலு மூலையும் எங்கே இருக்கிறது என்று சீட்டிலிருந்தே தெரியும், இடம் போதாது என்று மற்றவர் விட்டுப் போன இடத்தில் பார்க் செய்யலாம்.

குறையும் உண்டு. நெடுஞ்சாலையில் 100-க்கு மேல் போனால் சத்தம் அதிகம், காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதால் 120-இல் அது 100-இல் இருப்பதைப் போல 1.44 மடங்கு, அந்த வேகத்தில் மைலேஜும் நன்றாகவே இறங்கும். அப்புறம், கனமான வண்டியோடு நேருக்கு நேர் மோதினால் இலேசான வண்டிக்குத்தான் அடி அதிகம், அதை எந்த விளம்பரமும் மாற்ற முடியாது. அதனால் ஏபிஎஸ் (அழுத்திப் பிரேக் போட்டாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), ஏர்பேக், முடிந்தால் ஈஎஸ்சி (வண்டி சறுக்கும்போது தானாகவே பிரேக் போட்டுக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவருவது) இல்லாத வண்டியை விலை குறைவு என்று எடுக்காதீர்கள். அமெரிக்காவில் 2012 மாடலிலிருந்தும், ஐரோப்பாவில் 2014 நவம்பரிலிருந்தும் எல்லாப் புதுக் கார்களுக்கும் ஈஎஸ்சி கட்டாயமாக்கப்பட்டது, மற்ற பல இடங்களில் வண்டிக்கு வண்டி கேட்டுத்தான் உறுதிப்படுத்த வேண்டும். தினமும் ஐந்து பெரியவர்கள் தூரப் பயணம் போகிற வீட்டுக்கு இது சரிப்பட்டு வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வாங்கப் போகும்போது, இன்ஜினைச் சூடாக்கி வைக்காதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள், குளிர்ந்த இன்ஜினை நீங்களே ஸ்டார்ட் செய்ய வேண்டும். பின்னால் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் முடிவில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டர் 30,000 கிலோமீட்டர் காட்டி, கிளட்ச் பெடல் ரப்பர் மழமழவென்று தேய்ந்திருந்தால் அந்த 30,000-ஐ நம்ப வேண்டாம். டைமிங் பெல்ட் (இன்ஜினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் பெல்ட்) உள்ள இன்ஜின் என்றால் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் கேளுங்கள், பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.