ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. கணினி அறிவியல் என்றால் என்ன?

பிளஸ் டூ முடித்துச் சேர்ந்தால், இடையில் இன்னொரு அட்மிஷன் இல்லாமல் 5 ஆண்டில் முதுகலைப் பட்டத்தோடு வெளியே வரும் படிப்பு இது. தனித்தனியாகப் படித்தாலும் பி.எஸ்சி. 3, எம்.எஸ்சி. 2 என்று அதே 5 தானே? சரிதான். ஆனால் முதுகலைக்குப் பல கல்லூரிகளிலிருந்து வருவார்கள். அவர்களுக்காக அடிப்படையை மறுபடி தொட வேண்டியிருக்கும். இங்கே பாடத்திட்டம் தொடர்ச்சியாக ஓடுவதால் அந்த நேரம் புராஜெக்டுக்கு மிஞ்சும்.

எங்கள் நீலகிரி மலை ரயில் மாதிரி. மேட்டுப்பாளையத்தில் ஏறினால், குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றி டீசல் மாட்டுவார்கள்; ஊட்டி வரை 46 கிலோமீட்டருக்கும் உங்கள் சீட் அதேதான். (டீ குடிக்க இறங்குவது வேறு கதை.)

மூன்றாம் ஆண்டில் விலகினால் எங்கேயும் பி.எஸ்சி. கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, அது அந்தந்தப் பல்கலைக்கழக விதியைப் பொறுத்தது.