பந்தலூரில் என்ன இருக்கிறது?

சார்,

ஒரு கூட்டத்தில் பேசும்போது பந்தலூரும் தேவாலாவும் ஒரு காலத்தில் தங்கவேட்டை நடந்த ஊர்கள் என்றீர்கள். போன மாதம் கூடலூர் போனவன் அப்படியே அங்கேயும் போய்ப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்ட், பேக்கரிகள், சுற்றிலும் தேயிலை. அந்தக் காலத்துச் சுவர் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. டீக்கடைக்காரரிடம் கேட்டால் சிரிக்கிறார். நிஜமாகவே நடந்ததா?

செந்தில், ஈரோடு

அன்புள்ள செந்தில்,

நடந்தது. நீங்கள் அண்ணாந்து தேடியிருக்கிறீர்கள், குனிந்து தேடியிருக்க வேண்டும். அங்கே மிச்சம் இருப்பவை குழிகள்தான்.

இப்போது நீலகிரி மாவட்டத்தில் இருக்கும் பந்தலூரும் தேவாலாவும் அன்று வயநாட்டைச் சேர்ந்தவை. 1870களில் அந்த வயநாட்டுக் காப்பித் தோட்டங்களை இலைநோயும் தண்டுத் துளைப்பானும் தின்று தீர்த்தன. கடனில் மூழ்கிய துரைமார்களுக்குக் காலடியிலேயே தங்கம் என்ற செய்தி எப்படி இனித்திருக்கும்! ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத் துறைச் செயலாளராக இருந்த பிரஃப் ஸ்மித்தை அரசு வரவழைத்து ஆராயச் சொன்னது. அவரும் நம்பிக்கையாகவே எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான். இரண்டு மூன்று வருடத்தில் இங்கிலாந்தில் 30-க்கும் மேற்பட்ட கம்பெனிகள், 40 லட்சம் பவுண்டுக்கு மேல் மூலதனம். பட்டுப்போன காப்பித் தோட்டம் தங்க வயலாக விலைபோனது. பாறையை இடித்துப் பார்த்தால் டன்னுக்குச் சில கிராம்தான் தேறியது. 1890களின் தொடக்கத்தில் கடையைக் கட்டிவிட்டார்கள்.

சுவர் ஏன் இல்லை? பணம் புரண்டதெல்லாம் லண்டனில், பங்குப் பத்திரத்தில். கோலார் மாதிரி தலைமுறை தலைமுறையாக ஆட்கள் குடியிருந்த சுரங்க ஊர் இங்கே உருவாகவே இல்லை. அப்புறம் மழை. தேவாலா பெயர் வராமல் டிவியில் மழை அளவு வாசித்த ஜூலை உண்டா?

தேவாலா பக்கம் ஒரு குழியைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். தேயிலைச் சரிவில், பெரணி மூடிய வாய். ஆள் குனிந்துதான் நுழைய முடியும். பத்தடிக்கு மேல் வெளிச்சம் போகவில்லை. சுவரில் வரிவரியாக உளித்தடம், வௌவால் எச்ச நாற்றம். வாசலில் புதிதாக உடைத்த வெள்ளைக்கல் குவியல், பக்கத்தில் தீர்ந்துபோன டார்ச் பேட்டரி இரண்டு. வேட்டை முடியவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. இன்றும் திருட்டுத்தனமாக இறங்குகிறார்கள். கல்லை மாவாக இடித்து, பாதரசம் சேர்த்து, சூடுகாட்டிப் பொட்டுத் தங்கம் எடுக்கிறார்கள். மண் சரிந்து செத்தவர்களும் உண்டு.

நீங்கள் பார்த்த தேயிலைக்கும் ஒரு கதை இருக்கிறது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க அரசு போட்ட டேன்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) தோட்டங்கள் அந்தப் பகுதியில் நிறைய. அதைத் தனியாக எழுத வேண்டும்.

அடுத்த முறை டீக்கடையில் எடுத்த எடுப்பில் தங்கம் என்று கேட்காதீர்கள். வெளியூர் ஆள் அந்த வார்த்தையைச் சொன்னால் யாரானாலும் சிரித்துத்தான் மழுப்புவார்கள். மழை விட்ட மாதமாகப் பார்த்து, உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். காலடியைப் பார்த்து நடங்கள், பல குழிகளுக்கு வேலி கிடையாது.