எடை இறங்கியும் தொப்பை ஏன் இறங்கவில்லை?

கேள்வி: எனக்கு வயது 34. மதுரை விளக்குத்தூண் அருகே ஒரு ஜவுளிக்கடையில் விற்பனையாளராக இருக்கிறேன். மூன்று மாதங்களில் 86 கிலோவிலிருந்து 77 கிலோவுக்கு வந்துவிட்டேன். ஜிம்மில் தினமும் ஒரு மணி நேரம் டிரெட்மில், 200 கிரஞ்சஸ் (மல்லாந்து படுத்து மேலுடம்பைத் தூக்கும் வயிற்றுப் பயிற்சி) செய்கிறேன். காலையில் இரண்டு இட்லி, மதியம் கொஞ்சம் சோறும் சாம்பாரும், இரவில் இரண்டு சப்பாத்தி, அவ்வளவுதான் சாப்பாடு. ஆனாலும் தொப்பை போகவில்லை. முன்பு சுலபமாகத் தூக்கிய துணிக்கட்டை இப்போது தூக்கினால் மூச்சு வாங்குகிறது. கொழுப்பைக் கரைக்கும் மாத்திரை வாங்கச் சொல்கிறார் ஜிம் மாஸ்டர். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். அந்தத் துணிக்கட்டுதான் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. எடை குறைந்தும் வலிமை குறைகிறது என்றால், கொழுப்போடு சேர்ந்து தசையும் கரைந்திருக்கக்கூடும். சாப்பாட்டைக் குறைத்து, புரதத்தையும் குறைத்து, எடை தூக்கும் பயிற்சியே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தால், உடல் கொழுப்பை மட்டும் தேர்ந்தெடுத்து எரிக்காது.

கிரஞ்சஸ் வயிற்றுத் தசையை வலுவாக்கும். அதன் மேலுள்ள கொழுப்பை அந்த இடத்திலிருந்து மட்டும் எடுக்காது. கொழுப்பு உடல் முழுவதிலிருந்தும் குறையும், எங்கே முதலில் குறையும் என்பதைப் பிறவி அமைப்பே பெரும்பாலும் முடிவு செய்யும், ஆண்கள் பலருக்கு வயிறு கடைசியாகத்தான் வழிவிடும். ஆகவே அந்த 200-ஐ விட்டுவிட்டு, வாரத்தில் மூன்று நாள் ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது), பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி எடையை மேலே தள்ளுவது), ரோயிங் (எடையை உடம்பை நோக்கி இழுப்பது) ஆகியவற்றைச் சரியான நிலையில் பழகுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று செட் (சுற்று), செட்டுக்கு 8 முதல் 12 முறை. இன்னும் இரண்டு முறை தூக்க முடியும் என்ற நிலையில் நிறுத்துங்கள். ஒரு நோட்டில் எடையையும் எண்ணிக்கையையும் எழுதிவைத்து, மூன்று செட்டிலும் 12 எட்டியதும் அடுத்த முறை 2.5 கிலோ கூட்டுங்கள். பயிற்சி பலனளிக்கிறதா என்பதை வியர்வையைவிட அந்த நோட்டுதான் தெளிவாகக் காட்டும்.

உங்கள் சாப்பாட்டைக் கணக்கிட்டால் ஒரு நாளைக்கு 30 கிராம் அளவுக்குக்கூடப் புரதம் தேறுவது கடினம். எடை தூக்குபவருக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 முதல் 1.6 கிராம் வரை வேண்டும். உங்களுக்கு ஏறக்குறைய 90 முதல் 120 கிராம். இட்லியோடு மூன்று முட்டை (18 கிராம்), மதியம் வெந்த கோழிக்கறி 150 கிராம் (சுமார் 40), மாலையில் 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து அவித்த சுண்டல் (10), இரவில் ஒரு டம்ளர் பாலும் கொஞ்சம் பனீரும் சேர்ந்தால் அந்த அளவை எட்டிவிடலாம். பவுடர் டப்பா இல்லாமலே இது முடியும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பரோட்டா சாப்பிடுவதால் எதுவும் கெட்டுவிடாது; தினமும் சால்னாவோடு நான்கு என்றால்தான் கணக்கு உதைக்கும்.

மாத்திரை விஷயத்தில் எனக்குக் கவலை அதிகம். சிபுட்ரமின் என்ற எடை குறைப்பு மருந்து, இதயத்துக்கு ஆபத்து என்பதால் 2010-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலக்கப்பட்டது. அதற்குப் பிறகும், மூலிகை என்று விற்கப்பட்ட மாத்திரைகளில் அது ரகசியமாகக் கலந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. மாஸ்டர் நல்லெண்ணத்தோடு சொல்லியிருக்கலாம். உள்ளே என்ன இருக்கிறது என்பது அவருக்கும் தெரிந்திருக்காது.

வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில், தொப்புள் மட்டத்தில் டேப்பால் இடுப்பை அளந்து அதே நோட்டில் எழுதுங்கள். எடைமேடை அசையாத வாரத்திலும் டேப் இறங்கியிருக்கலாம்.

கேள்வி: திருமங்கலத்தில் வசிக்கிறேன். வயது 52, சர்க்கரை உண்டு. இந்த வயதில் பெண்கள் எடை தூக்கலாமா?

பதில்: தாராளமாகத் தூக்கலாம், தூக்கவும் வேண்டும். மாதவிடாய் நின்றபின் எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறைகிறது. எடைப் பயிற்சி அந்த இழப்பைத் தாமதப்படுத்த உதவும். வேலை செய்யும் தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்வதால் உங்களுக்கு இது இரட்டை நன்மை. ஆனால் இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்பவர் என்றால், பயிற்சியின்போது சர்க்கரை சட்டென்று இறங்கக்கூடும். தொடங்குமுன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், கையில் இரண்டு மிட்டாய் வைத்திருங்கள். முதல் இரண்டு வாரங்களுக்கு, சுவரோடு ஒட்டிப் போட்ட நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவதை 10 முறை வீதம் இரண்டு சுற்று செய்தால் போதும். அது சுலபமாகிவிட்டால், இரண்டு கைகளிலும் தலா ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு அதையே செய்யுங்கள்.