எல்லாக் கணக்கும் ஒரே இடத்தில் வேண்டுமா?

கேள்வி: ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப், எக்ஸ் நான்கிலும் எனக்குச் சொந்தக் கணக்கு இருக்கிறது. அதோடு என் தையல் தொழிலுக்கும், நண்பர்களோடு நடத்தும் வாசகர் வட்டத்துக்கும் தனித்தனியாக வைத்திருக்கிறேன். போன வாரம் வட்டத்தின் பக்கத்தில் போட வேண்டிய இரங்கல் செய்தியைத் தொழில் பக்கத்தில் போட்டுவிட்டேன். இன்னொரு பக்கம், பிடித்த தளங்கள் என்று நாற்பதை புக்மார்க் செய்திருக்கிறேன். பாதியைத் திறப்பதே இல்லை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கவனிக்க ஒரு செயலி சொல்ல முடியுமா?

பதில்: செயலிக்குப் பிறகு வருகிறேன். அந்த இரங்கல் செய்தி இடம் மாறியதற்கு உங்கள் கவனக்குறைவை மட்டும் குறை சொல்ல மாட்டேன். எல்லாக் கணக்கும் ஏற்கெனவே ஒரே இடத்தில் கிடப்பதுதான் சிக்கல். அவற்றை முதலில் பிரிக்க வேண்டும்.

ஒரு தளத்தில் நீங்கள் உள்நுழைந்ததும், அது ஓர் அடையாளச் சீட்டை உங்கள் உலாவியிடம் கொடுத்து வைக்கிறது. அதுதான் குக்கி. 1994-இல் நெட்ஸ்கேப் என்ற உலாவி நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மான்டுலி கொண்டுவந்த ஏற்பாடு, இன்றும் அதே அடிப்படையில்தான் ஓடுகிறது. அந்தத் தளத்தின் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் உலாவி சீட்டை நீட்டும். "இன்னார் வந்திருக்கிறார்" என்று தளம் புரிந்துகொள்ளும். உலாவியில் பத்து டேப் திறந்திருந்தாலும் சீட்டுப் பெட்டி ஒன்றுதான். அதனால் ஒரு டேபில் தொழில் பக்கத்துக்கு மாறினால், வட்டத்தின் பக்கம் என்று நினைத்துத் திறந்து வைத்த இன்னொரு டேபும் சத்தமில்லாமல் மாறிவிடக்கூடும்.

பெட்டியைப் பிரிக்கக் காசு செலவில்லை. குரோமில் மேல் வலது மூலையில் உள்ள வட்டப் படத்தைத் தொட்டால் புதிய புரொஃபைல் சேர்க்கும் வழி இருக்கும். எட்ஜிலும் உண்டு. சொந்தம், தொழில், வட்டம் என்று மூன்று புரொஃபைல் உருவாக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் குக்கி, புக்மார்க், சேமித்த பாஸ்வேர்ட், தேடல் வரலாறு எல்லாம் தனி. மூன்றுக்கும் மூன்று நிறம் கொடுங்கள். இது அழகுக்காக இல்லை. அவசரத்தில் கண் எழுத்தைப் படிக்காது, நிறத்தைப் பார்த்துவிடும். ஃபயர்ஃபாக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு 'மல்டி அக்கவுண்ட் கன்டெய்னர்ஸ்' என்ற நீட்சி குக்கிகளை டேப் அளவிலேயே பிரித்துத் தரும்; புக்மார்க்கும் பாஸ்வேர்டும் மட்டும் பொதுவாகவே இருக்கும். இன்காக்னிட்டோ சன்னலைச் சிலர் இதற்கு மாற்றாகச் சொல்வார்கள். மூடியதும் எல்லாம் அழிந்துவிடும் என்பதால் அன்றாட வேலைக்கு அது சரிப்படாது.

கைபேசியில்தான் ஆபத்து அதிகம். இன்ஸ்டாகிராம் செயலியில் பல கணக்குகளை வைத்து ஒரே தொடுதலில் மாறலாம். மாறியது மனதில் நிற்காது. நான் என்ன செய்கிறேன் என்றால், அந்தந்தச் செயலிகளில் சொந்தக் கணக்கு மட்டும். தொழில் சார்ந்த ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பதிவுகளுக்கு மெட்டா பிசினஸ் சூட் என்ற தனிச் செயலி. செயலியே வேறாக இருப்பதால் கை தடுமாறுவதில்லை. மூன்று கணக்கிலும் உங்கள் முகத்தையே படமாக வைத்திருந்தால் அதையும் இன்றே மாற்றிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தொழிலுக்கென்று ஃபேஸ்புக்கில் இரண்டாவது தனிநபர் கணக்கு தொடங்கியிருந்தால் அது விதிமீறல். ஒருவருக்கு ஒரு கணக்குதான். தொழிலும் அமைப்பும் 'பக்கம்' என்ற வடிவில் அதன்கீழ் வர வேண்டும். பக்கத்தைக் கவனிக்க நண்பருக்கு உங்கள் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். அவர் கணக்குக்கே அனுமதி கொடுக்கலாம். யூடியூப் சேனலுக்கும் அப்படித்தான்.

இனி, பலரும் யோசிக்காத இடத்துக்கு வருகிறேன். எந்தச் சமூக ஊடகக் கணக்கையும் கடைசியில் தாங்கி நிற்பது ஒரு மின்னஞ்சலும் ஒரு கைபேசி எண்ணும்தான். எனக்குத் தெரிந்த ஓர் அமைப்பின் பக்கம், அதைத் தொடங்கியவரின் சொந்த மின்னஞ்சலில் இருந்தது. அவர் திடீரென்று காலமானார். அவருடைய மறைவுச் செய்தியைக்கூட அந்தப் பக்கத்தில் போட முடியாமல், உறுப்பினர்கள் புதிதாக ஒரு பக்கம் தொடங்கினார்கள். பல வருடப் படங்களும் பேச்சுகளும் இன்னும் பழைய பக்கத்திலேயே இருக்கின்றன. அதைத் திறந்து நிர்வகிக்க ஆளில்லை. உங்கள் வாசகர் வட்டத்துக்கு அந்த நிலை வரக் கூடாது. வட்டத்துக்கென்று ஒரு மின்னஞ்சல் தொடங்குங்கள். ஃபேஸ்புக் பக்கத்துக்கு முழு உரிமையுள்ள நிர்வாகிகள் குறைந்தது இருவர் இருக்கட்டும். அந்த மின்னஞ்சலை அவ்வப்போது திறக்கவும் வேண்டும். இரண்டு ஆண்டுகள் தொடாமல் கிடக்கும் கூகுள் கணக்கை நீக்கலாம் என்ற விதி 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அஞ்சல்பெட்டி போனால், அதை நம்பியிருந்த கணக்கை மீட்கும் வழியும் போய்விடும்.

சொந்தக் கணக்குகளுக்கு இவ்வளவு அஞ்சல்பெட்டி தேவையில்லை. ஜிமெயிலில் உங்கள் பெயருக்குப் பின் கூட்டல் குறியும் ஒரு சொல்லும் சேர்த்து எழுதினால், புது முகவரி போலத் தெரியும். அஞ்சல் பழைய பெட்டிக்கே வரும். சில தளங்கள் கூட்டல் குறியை ஏற்காது. பாஸ்வேர்டுகளுக்கு பிட்வார்டன் போன்ற பெட்டகம் ஒன்று போதும். இரண்டடுக்குச் சரிபார்ப்பைக் குறுஞ்செய்தியில் வைக்காமல், குறியீடு காட்டும் ஆதன்டிகேட்டர் செயலியில் வையுங்கள். எக்ஸில் குறுஞ்செய்தி வழிச் சரிபார்ப்பு 2023 மார்ச்சிலிருந்து கட்டணம் செலுத்துவோருக்கு மட்டும்தான். செயலி வழி எல்லோருக்கும் இலவசம். சரிபார்ப்பை அமைக்கும்போது கொடுக்கப்படும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி, வீட்டில் முக்கியக் காகிதங்களோடு வையுங்கள். கைபேசிக்குள் வைத்தால், கைபேசி தொலைந்த அன்று அவை உதவாது.

நீங்கள் கேட்ட செயலி இப்போது. முன்கூட்டியே எழுதி நேரம் குறித்து வெளியிட மெட்டா பிசினஸ் சூட்டும் யூடியூப் ஸ்டூடியோவும் இலவசம். உங்கள் அளவுக்கு அவை போதும் என்பது என் கருத்து. நான்கு தளங்களையும் சேர்த்துக் கவனிக்க பஃபர், ஹூட்சூட் போன்றவை உண்டு. ஆனால் இலவசம் என்று நம்பி வேலையை முழுவதும் அவற்றில் ஏற்றாதீர்கள். ஹூட்சூட் தன் இலவசத் திட்டத்தை 2023-இல் நிறுத்தியது. எக்ஸ் கணக்குகளைக் கவனிக்கப் பலரும் பழகியிருந்த ட்வீட்டெக்கும் அதே ஆண்டு கட்டணத்துக்குப் போனது. வெளிச் செயலியை இணைக்கும்போது, அனுமதி கேட்கும் பக்கம் அந்தச் சமூக ஊடகத்தின் சொந்த முகவரியில்தான் திறக்க வேண்டும். செயலியே உங்கள் பாஸ்வேர்டைக் கேட்டால் வெளியேறிவிடுங்கள். இன்னொன்று: நேரம் குறித்து வைத்த பதிவுக்குத் துக்க நாள் தெரியாது. இரங்கல் போட்ட அன்று மாலையே தள்ளுபடி விளம்பரம் வெளிவரும். அப்படிப்பட்ட நாளில் முதலில் வரிசையை நிறுத்துங்கள்.

நாற்பது தளங்களை இரண்டாகப் பிரியுங்கள்: நீங்கள் தேடிப் போக வேண்டியவை, உங்களைத் தேடி வர வேண்டியவை. வங்கி, மின்கட்டணம், மின்னஞ்சல் போன்றவை முதல் வகை. இவற்றுக்கு புக்மார்க் ஒரு பாதுகாப்பும்கூட. தேடுபொறியில் பெயரை அடித்து, மேலே வரும் விளம்பரத்தில் தட்டி, போலித் தளத்தில் போய் விழுவதை அது தடுக்கும். உரிய புரொஃபைலில் அவற்றை வையுங்கள்.

செய்தி, வலைப்பூ, சிறுகதை, தையல் குறிப்பு எல்லாம் இரண்டாம் வகை. இவற்றுக்கு ஆர்எஸ்எஸ் (RSS) என்ற இணைய ஏற்பாடு இருக்கிறது: தளம் தன் புதிய பதிவுகளின் பட்டியலை ஓர் 'ஓடை'யாக (feed) வெளியிடும், அதை ஒரு படிப்பான் செயலி உங்களுக்குக் கொண்டுவந்து காட்டும். 2013 ஜூலையில் கூகுள் ரீடர் என்ற படிப்பானை மூடியபோது ஆர்எஸ்எஸ்ஸே போய்விட்டது என்று நிறையப் பேர் நினைத்தார்கள். பாட்காஸ்ட் உலகம் இன்றும் அதன்மேல்தான் நடக்கிறது; யூடியூப் சேனல்களுக்கும் ஓடை உண்டு. ஃபீட்லி அல்லது இனோரீடர் என்ற படிப்பானில் தள முகவரியைக் கொடுத்தால், ஓடை இருக்கும் பட்சத்தில் அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். புதிதாக எழுதினால் மட்டும் உங்களிடம் வரும். எதை முதலில் காட்டுவது என்று சமூக ஊடகத்தின் கணக்கீடு இங்கே முடிவு செய்யாது. பிடித்த எழுத்தைப் பிடித்த வரிசையில் படிக்க எனக்குத் தெரிந்த சிறந்த வழி இன்னும் இதுதான்.

பிறகு படிக்கலாம் என்று சேர்த்து வைப்பதில் மட்டும் கவனம். அதற்கென்றே இருந்த பாக்கெட் சேவையை, ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லா 2025 ஜூலையில் மூடிவிட்டது. எதில் சேமித்தாலும் வெளியே எடுக்கும் வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உலாவியின் புக்மார்க்குகளை எச்டிஎம்எல் கோப்பாகவும், ஓடைப் பட்டியலை ஓபிஎம்எல் கோப்பாகவும் இறக்கி வைக்கலாம். புக்மார்க் கோப்பை இன்றைக்கே இறக்கிக்கொண்டு, ஓராண்டாகத் திறக்காத இருபது தளங்களையும் தயங்காமல் நீக்கிவிடுங்கள். தேவைப்பட்டால் கோப்பில் இருக்கும்.