தாலின் வெண்கலச் சிப்பாய் சிலையை ஏன் இடம் மாற்றினார்கள்?

எஸ்டோனியத் தலைநகரில் நின்ற ஒரு சிலைக்காக 2007-ல் கலவரமே வெடித்தது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். சிலையைப் பார்த்தால் அதில் வெற்றிக்களிப்பே இல்லை. கையில் இரும்புத் தொப்பி, குனிந்த தலை. இறந்த தோழர்களுக்காக நிற்கும் ஒரு படைவீரன், அவ்வளவுதான். சிக்கல் அதற்கு வைத்த பெயரில் இருந்தது: 'தாலினை விடுவித்தவர்களின் நினைவுச்சின்னம்'.

1944 செப்டம்பர் 22-ல் சோவியத் ராணுவமான செம்படை நகருக்குள் வந்தபோது ஜெர்மானியப் படைகள் பெரும்பாலும் வெளியேறிவிட்டன. கோட்டைக் கோபுரத்தில் எஸ்டோனியக் கொடி பறந்துகொண்டிருந்தது. ஆகவே எஸ்டோனியர்களுக்கு அது விடுதலை அல்ல, அடுத்த ஆக்கிரமிப்பு. இதை மறந்துவிட்டு இந்தச் சர்ச்சையைப் புரிந்துகொள்ளவே முடியாது. சிலைக்கு முன் அதே இடத்தில் செம்படைக்காக இருந்த மரச் சின்னத்தை 1946-ல் இரண்டு பள்ளி மாணவிகள் வெடிவைத்துத் தகர்த்தார்கள். தண்டனையாக உழைப்பு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். வெண்கலச் சிலை வந்தது 1947-ல்தான்.

அங்குள்ள ரஷ்ய மொழியினருக்கோ நாஜிகளை எதிர்த்து உயிர்விட்ட உறவினர்களின் அடையாளம் அது. நாஜி ஜெர்மனியை வென்ற நாளான மே 9 அன்று ஆண்டுதோறும் அங்கே பூ வைப்பார்கள். அந்தத் துக்கமும் உண்மையானது.

2007 ஏப்ரல் இறுதியில் அரசு சிலையை அகற்றத் தொடங்கியதும் இரண்டு இரவுகள் கலவரம் நடந்தது, ஓர் இளைஞர் கொல்லப்பட்டார். வங்கி, அரசு இணையதளங்கள் வாரக்கணக்கில் இணையத் தாக்குதலுக்கு ஆளாயின. சிலையருகே புதைக்கப்பட்டிருந்த சோவியத் வீரர்களின் எச்சங்கள் தோண்டி எடுக்கப்பட்டன. சிலை இப்போது ராணுவக் கல்லறையில் இருக்கிறது. இடம் சரியானதே, அவசரமாகச் செய்த விதம்தான் தவறு என்பது என் கருத்து.