‘அந்தப் பொண்ணு மாதிரி தைரியமா இரு’ என்று சொல்லலாமா?

கேள்வி: என் அக்கா மகளுக்குப் பத்து வயது. கைக்குழந்தையாக இருக்கும்போதே அவள் அப்பா தவறிவிட்டார். போன வருடம் அக்காவும் போய்விட்டாள். இப்போது என்னோடுதான் இருக்கிறாள். அழவே மாட்டாள், அக்கம்பக்கத்தில் எல்லோரும் ‘சமத்து’ என்கிறார்கள். கதைப் புத்தகம் என்றால் உயிர் என்பதால், புத்தகக் கண்காட்சியில் ‘ஹைடி’ வாங்கிக் கொடுத்து, “இந்தப் பொண்ணுக்கும் அம்மா அப்பா இல்ல, எவ்வளவு தைரியமா இருக்கா பாரு, நீயும் அப்படி இருக்கணும்” என்றேன். பாதி படித்தவள் அதைக் கட்டிலுக்கு அடியில் வீசிவிட்டாள். “ஏன் சித்தி, எல்லாக் கதையிலயும் அம்மா அப்பா செத்துப் போயிடுறாங்க?” என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்த மாதிரிக் கதைகளைக் கொடுக்கலாமா, கூடாதா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர்

பதில்: அன்புச் சகோதரி, தாராளமாகக் கொடுக்கலாம். கொடுக்கும்போது சொன்ன அந்த வாக்கியத்தை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

அவள் பாதியில் விட்ட புத்தகத்தின் மீதியில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். ஸ்விட்சர்லாந்துக்காரரான யோகன்னா ஸ்பைரி 1880-81இல் இரண்டு பாகமாக வெளியிட்ட கதை அது. ஹைடியை முதலில் வளர்த்தவளும் அவள் அம்மாவுடன் பிறந்தவள்தான், பெயர் டீட்டே. (உடனே உங்களை அவளோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டாம். வேலை கிடைத்ததும் பிள்ளையை மலையில் தாத்தாவிடம் தள்ளிவிட்டுப் போனவள் அவள். நீங்கள் ஒரு புத்தகம் வீசப்பட்டதற்கே கடிதம் எழுதுகிறவர்.) தாத்தாவோடு ஒட்டிக்கொண்ட பிள்ளையை அதே டீட்டே பிரித்துக் கொண்டுபோய் பிராங்பர்ட்டில் ஒரு பணக்கார வீட்டில் விடுகிறாள். அந்த வீட்டை நிர்வகிக்கிற அம்மையார் அழக்கூடாது என்று தடை போட்டுவிடுகிறார். ஹைடி அடங்கிப் போகிறாள். சாப்பாடு இறங்கவில்லை. ராத்திரி தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு சத்தம் வராமல் அழுகிறாள். பகலில் பார்த்தால் சமத்துப் பிள்ளை.

அப்புறம் பார்த்தால், தினமும் காலையில் வீட்டு வாசல் கதவு திறந்து கிடக்கிறது. பேய் என்று வேலைக்காரர்கள் நடுங்குகிறார்கள். வீட்டுக்காரரும் அவருடைய டாக்டர் நண்பரும் கைத்துப்பாக்கியோடு கண்விழித்துக் காத்திருக்கிறார்கள். நள்ளிரவு தாண்டி வந்து நின்ற பேய், வெள்ளை இரவு உடையில், வெறுங்காலோடு தூக்கத்தில் நடந்து வந்த ஹைடி! டாக்டர் அவளைப் படுக்க வைத்து, மெதுவாகப் பேச்சுக் கொடுத்து விஷயத்தை வாங்குகிறார். அழுதால் ஒன்றும் ஆகாது, அழுதுவிட்டுத் தூங்கு என்கிறார். மறுநாளே மலைக்கு அனுப்பிவிட வேண்டும் என்பதுதான் அவர் எழுதித் தந்த மருந்து. உங்களிடம் இருப்பது சுருக்கப் பதிப்பு என்றால் இந்த இடம் நான்கு வரியில் ஓடியிருக்கலாம். முதலில் நீங்கள் படியுங்கள். அவளிடம் ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தை எடுத்து அலமாரியில் வையுங்கள், போதும்.

அவள் கேட்டது அருமையான கேள்வி. உண்மையான பதிலையே சொல்லிவிடலாம்: கதை எழுதுகிறவர்களுக்கு அது வசதி. அம்மா இருந்தால் பொழுது சாயுமுன் வீட்டுக்கு வரச் சொல்வாள். பூட்டிய தோட்டத்துக்குள் எந்தப் பிள்ளை நுழையும்? பிரான்சிஸ் ஹாட்ஜ்சன் பர்னெட் 1911இல் புத்தகமாகக் கொண்டுவந்த ‘தி சீக்ரெட் கார்டன்’ கதையில் இந்த வசதி அப்பட்டமாகத் தெரியும். இந்தியாவில் காலரா வந்து மேரி என்ற சிறுமியின் அப்பா அம்மா இறந்துபோகிறார்கள். அந்த அம்மா உயிரோடு இருந்தபோதே பிள்ளையை ஆயாவிடம் விட்டுவிட்டு விருந்துக்குப் போனவள். அதனால் மேரிக்குத் துக்கமே பெரிதாக இல்லை. அம்மா மடியில் வளர்ந்த உங்கள் பெண் அதில் தன்னைத் தேடினால் ஏமாந்துபோவாள். ஆனாலும் எனக்கு மேரியைப் பிடிக்கும். சிடுமூஞ்சி, யாருக்கும் அடங்காதவள். அப்பா அம்மா போனபின் இங்கிலாந்தில் உறவினர் வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள். யார்க்‌ஷயர் வீட்டில் அவளிடம் யாரும் தைரியமாக இரு என்று வகுப்பு எடுப்பதில்லை. வேலைக்காரப் பெண்ணின் அம்மா, தன் பன்னிரண்டு பிள்ளைகளுக்கே சோறு போதாத நிலையிலும், இரண்டு பென்னி கொடுத்து ஒரு ஸ்கிப்பிங் கயிறு வாங்கி அனுப்புகிறாள். குதித்துக் குதித்தே மேரிக்குப் பசி எடுக்கிறது, கன்னத்தில் ரத்தம் ஏறுகிறது.

இந்த வரிசையில் உங்கள் வீட்டுக்குப் பொருத்தமானது கனடாக்காரரான எல்.எம். மான்ட்கோமரியின் ‘ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்’ (1908) என்பேன். இரண்டு வயது நிறையும் முன்பே காசநோயில் தாயை இழந்து, பாட்டி தாத்தாவிடம் வளர்ந்தவர் அவர். அவருடைய ஆன், புத்தக அலமாரிக் கண்ணாடியில் தெரிகிற தன் உருவத்துக்கே பெயர் வைத்துத் தோழியாக்கிக்கொண்டவள். கோபக்காரி, கேலி செய்த பையன் தலையில் சிலேட்டை உடைப்பாள். பிற்பாடு, தன்னை வளர்த்த மேத்யூ இறந்த அன்று அவளுக்கு அழுகையே வராது. ராத்திரி திடீரென்று பொங்கி வரும். சத்தம் கேட்டு ஓடி வருகிற, மேத்யூவின் உடன்பிறந்தவளான மரில்லா, அழாதே, அழுதால் மட்டும் அவன் வந்துவிடுவானா என்கிறாள். என்னை அழவிடுங்கள், அந்த வலியைவிட இந்தக் கண்ணீர் தேவலை என்கிறாள் ஆன். அதுவரை பாசத்தை வாய்விட்டுச் சொல்லத் தெரியாத அந்த அம்மாள் அன்றைக்குத்தான் சொல்கிறாள். அந்த அத்தியாயத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே வாசித்துக் காட்டலாம். உங்களுக்கு அழுகை வந்தால் அடக்காதீர்கள். அக்காவைப் பறிகொடுத்தவர் நீங்களும்தானே.

கதைகளில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். எல்லோரும் பெற்றோரை இழந்தவர்கள் அல்ல. ஆனால் வறுமை, குடும்பச் சிக்கல் என்று பலவகைத் துன்பங்களில் வளர்ந்த பிள்ளைகள் அதில் கணிசம். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாகத் தலையெடுத்தார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒன்று, கைவிடாத ஒரு பெரியவராவது கூட இருந்தது. பாட்டியோ சித்தியோ யாரோ ஒருவர்.

விசேஷ வீடுகளில் அவள் காதுபடவே “பாவம், தாயில்லாப் பிள்ளை” என்று உச்சுக்கொட்டுகிறவர்களைத் தனியாகக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். ‘சமத்து’ப் பட்டத்தையும் சேர்த்துத்தான். அந்தப் பட்டம் வாங்கிய பிள்ளை அழுவதற்கு இடம் இல்லாமல் போகும். அக்காவைப் பற்றி வீட்டில் சாதாரணமாகப் பேசுங்கள்: சின்ன வயதில் உங்களோடு என்ன சண்டை போட்டாள், எந்தக் குழம்பைத் தீய்த்தாள் என்று. இப்போது சிரித்து விளையாடிவிட்டு அடுத்த நிமிடம் மூலையில் உட்கார்ந்தால் நடிக்கிறாள் என்று நினைக்காதீர்கள். பிள்ளைகளின் துக்கம் விட்டுவிட்டுத்தான் வரும்.

வாரக்கணக்கில் சரியாகச் சாப்பிடாமலோ தூங்காமலோ இருந்தால், பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அடம்பிடித்தால், குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். ‘நானும் அம்மாகிட்ட போறேன்’ என்று சொன்னால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். அவளைத் தனியாகவும் விடாதீர்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416. கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.