ஜீனை ஆன் பண்ணா போதுமா? புரோட்டீன் அழியுற வேகம் பத்தி கேள்வி பதில்

கேள்வி: அக்கா, ரொம்ப ஸ்ட்ராங்கான புரமோட்டர் (ஜீனை ஆன் பண்ற டிஎன்ஏ பகுதி) போட்டும், ஜீன்களை இணைச்சு நான் செஞ்ச சர்க்கியூட் மெதுவாத்தான் ரெஸ்பாண்ட் ஆகுது. இன்னும் ஸ்ட்ராங்கா மாத்தவா?

பதில்: வேணாம் தம்பி. எல்லாரும் முதல்ல கை வைக்கிற இடம் புரமோட்டர்தான், ஆனா அது முடிவு பண்றது புரோட்டீன் லெவல் எவ்வளவு உயரம் போகும்ங்கிறதை, எவ்வளவு சீக்கிரம் போகும்ங்கிறதை முடிவு பண்றது புரோட்டீன் காணாம போற வேகம். ஒரு கணக்கு போடுவோம், உங்க புரோட்டீன் அழியவே அழியாது, செல் 60 நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டாகுதுன்னு வைங்க, அப்போ செல் வளர்ந்து நீர்த்துப்போறது மட்டும்தான் குறையுற வழி, அதனால கடைசி லெவல்ல பாதியைத் தொடவே 60 நிமிஷம். உற்பத்தியை ரெண்டு மடங்காக்குனா கடைசி லெவலும் ரெண்டு மடங்காகும், அதுல பாதியைத் தொட மறுபடியும் அதே 60 நிமிஷம்! ஏதோ ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினா போதும்னா ஸ்ட்ராங் புரமோட்டர் உதவும்தான், ஆனா ஆஃப் பண்ணும்போது சேர்ந்து கிடக்குற அத்தனையும் கரையணுமே, அங்க மாட்டுவீங்க.

இப்போ 20 நிமிஷ ஹாஃப் லைஃப் (பாதி அழிய ஆகுற நேரம்) தர்ற டீகிரேடேஷன் டேக், அதாவது 'இதை அழி'ன்னு சொல்ற சின்ன வால், ஒண்ணு சேருங்க. அழியுற வேகமும் நீர்த்துப்போற வேகமும் கூட்டிக்கும், மொத்த ஹாஃப் லைஃப் 15 நிமிஷம் ஆகும், ஏறுறதும் இறங்குறதும் நாலு மடங்கு வேகம். ஆனா லெவலும் நாலுல ஒரு பங்கா விழும். பழைய லெவல் வேணும்னா உற்பத்தியை நாலு மடங்காக்கணும், அதாவது செஞ்சு செஞ்சு அழிக்கிறோம், அந்தச் செலவு செல்லோட தலையிலதான். ஸ்ட்ராங் புரமோட்டருக்கு வேலை இங்கதான் வருது.

கேள்வி: இ.கோலைக்கு எந்த டேக் நல்லது?

பதில்: எஸ்எஸ்ஆர்ஏ டேக்ல ஆரம்பிங்க. புரோட்டீன் செய்யுற ரைபோசோம் பாதியில மாட்டிக்கிட்டா அந்த அரைகுறை புரோட்டீனோட வால்ல செல் தானாவே ஒட்டுற 11 அமினோ ஆசிட் அது, அதைப் பார்த்ததும் கிளிப்எக்ஸ்பி, கிளிப்ஏபி ரெண்டு புரோட்டியேஸும் (புரோட்டீனை வெட்டுற என்சைம்) பிடிச்சு இழுத்து நறுக்கிடும். டேக்கோட கடைசி மூணு எழுத்து (ஒவ்வொண்ணும் ஒரு அமினோ ஆசிட்) எல்ஏஏ, அதை மாத்தினா வேகம் மாறும். பச்சையா ஒளிர்ற ஜிஎஃப்பி புரோட்டீன்ல 1998ல அளந்தப்போ, எல்விஏன்னு முடியுற டேக்குக்கு ஹாஃப் லைஃப் சுமார் 40 நிமிஷம், ஏஏவிக்கு 60, ஏஎஸ்விக்கு 110. இந்த நம்பரை அப்படியே மாடல்ல போட்டுடாதீங்க, ஸ்ட்ரெயின், டெம்பரேச்சர், எவ்வளவு புரோட்டீன் இருக்குன்னு எல்லாத்தையும் பொறுத்து மாறும்.

கேள்வி: பிஎல்21ங்கிற இ.கோலை ஸ்ட்ரெயின்ல புரோட்டியேஸ் கிடையாதுன்னு சொல்றாங்களே, அப்போ டேக் வேலை செய்யாதா?

பதில்: செய்யும். அதுல இல்லாதது லான், ஆம்ப்டிங்கிற ரெண்டு புரோட்டியேஸ்தான், கிளிப்எக்ஸ்பி இருக்கு.

கேள்வி: எஸ்எஸ்ஆர்ஏ டேக்குக்கு அப்புறம் ஹிஸ் டேக் (புரோட்டீனைப் பிரிச்செடுக்க உதவுற வால்) வெச்சேன் மேடம், புரோட்டீன் அழியவே மாட்டேங்குது.

பதில்: அதேதான் காரணம். கிளிப்எக்ஸ்பியோட கிளிப்எக்ஸ் பகுதி பார்க்கிறது புரோட்டீனோட கடைசி நுனியை, அந்த எல்ஏஏக்குப் பின்னாடி எதுவுமே வரக்கூடாது. ஹிஸ் டேக்கை முன்பக்கம் கொண்டுபோங்க. நானும் இதே தப்புல நிறைய நாளை விட்டிருக்கேன், அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

கேள்வி: எல்ஏஏ போட்டதும் ஜிஎஃப்பி வெளிச்சமே இல்லை. குளோனிங் சொதப்பிடுச்சோ?

பதில்: சீக்வென்ஸ் பாருங்க, ஆனா அது சரியாவே இருக்கலாம். ஜிஎஃப்பி மடிஞ்சு, ஆக்சிஜனோட சேர்ந்து ஒளிர்ற நிலைக்கு வர நேரம் வேணும், அதுக்குள்ள அழிச்சிட்டா எங்க ஒளிரும். ஏஏவி அல்லது ஏஎஸ்வி, கூடவே சீக்கிரம் மெச்சூர் ஆகுற வகை ஜிஎஃப்பி, ரெண்டையும் முயற்சி பண்ணுங்க.

கேள்வி: ரெண்டு புரோட்டீன்ல ஒரே டேக். ஒண்ணை ஆன் பண்ணா இன்னொண்ணும் ஏறுது, நடுவுல எந்த ரெகுலேஷனும் இல்லையே?

பதில்: எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி. செல்லுக்குள்ள கிளிப்எக்ஸ்பி கொஞ்சம்தான், டேக் உள்ள எல்லாமே அதே க்யூவுலதான் நிக்கணும். ஒண்ணு நிறைய வந்தா மத்தது காத்துக்கிட்டு நிக்கும், அதனால லெவல் ஏறும். நீங்க போடாத கனெக்‌ஷன் ஒண்ணு அங்க இருக்கு. 2000ல எலோவிட்ஸும் லைப்லரும் செஞ்ச ரிப்ரஸிலேட்டர்ல (மூணு ஜீன் ஒண்ணையொண்ணு அடக்கித் துடிக்கிற சர்க்கியூட்) அடக்குற மூணு ரிப்ரஸர் புரோட்டீனுக்கும் இந்த டேக் உண்டு, ஒளிர்ந்து காட்டுற ரிப்போர்ட்டருக்கும் உண்டு, செல்லுக்குச் செல் தாளம் தப்பும். 2016ல வேற ஒரு குழு ரிப்போர்ட்டரோட குறுக்கீட்டை எடுத்துட்டு, ரிப்ரஸர்கள்ல இருந்தும் டேக்கை நீக்கிப் பார்த்தாங்க, பீரியட் நீளமாச்சு ஆனா துடிப்பு அவ்வளவு சீரா வந்துச்சு. அதனால வேகம் உண்மையிலேயே தேவையான்னு முதல்ல யோசிங்க. தேவைன்னா ஒரு புரோட்டீனுக்கு மீசோபிளாஸ்மா ஃப்ளோரம்ங்கிற பாக்டீரியாவோட லான் புரோட்டியேஸையும் அதுக்கான டேக்கையும் கொண்டுவாங்க, அது தனி க்யூ, அந்த லானை நீங்களே ஆன் ஆஃப் பண்ணிக்கலாம்.

கேள்வி: யீஸ்ட்ல இதே டேக் ஓடுமா?

பதில்: ஓடாது, அங்க புரோட்டீனை அழிக்கிறது யூபிக்விட்டின்ங்கிற அடையாளமும் புரோட்டியசோம்ங்கிற வெட்டுற மெஷினும். ஆக்சின்ங்கிற தாவர ஹார்மோன் குடுத்ததும் அழியுற டெக்ரான் (அழிக்க வைக்கிற டேக்) பாருங்க, டிஐஆர்1 புரோட்டீனையும் சேர்த்துப் போடணும், மறந்துடாதீங்க.

கேள்வி: ஹாஃப் லைஃபை எப்படி அளக்குறது?

பதில்: குளோராம்ஃபெனிகால்ங்கிற ஆன்டிபயாடிக் போட்டு டிரான்ஸ்லேஷனை (புதுசா புரோட்டீன் செய்யுறதை) நிறுத்துங்க, சில நிமிஷத்துக்கு ஒரு தடவை சாம்பிள் எடுத்து வெஸ்டர்ன் பிளாட் (ஆன்டிபாடி வெச்சு புரோட்டீன் அளவு பார்க்கிறது) ஓட்டுங்க. ஃப்ளோரசென்ஸ் மட்டும் பார்த்தா, ஏற்கனவே செஞ்சு மெச்சூர் ஆகாம இருக்கிற ஜிஎஃப்பி மருந்து போட்டப்புறமும் ஒளிர ஆரம்பிக்கும், முதல் சில புள்ளி ஏமாத்தும். பக்கத்துலயே எல்ஏஏக்குப் பதிலா எல்டிடின்னு முடியுற டேக் போட்ட ஸ்ட்ரெயின் ஒண்ணு வைங்க, நீளம் அதேதான், கிளிப்எக்ஸ்பி மட்டும் கண்டுக்காது.